சிறை வாசலில் ஒரு தாய்

1825-ம் ஆண்டு. பர்மாவில் ஒரு சின்னக் கிராமம்.

கால்களில் விலங்கு பூட்டிய வெள்ளைக்காரக் கைதி ஒருவர் வீடு வீடாகப் போகிறார். அவர் கையில் ஒரு பெண் குழந்தை. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை. எலும்பும் தோலுமாக இருக்கிறது. பசியால் கதறுகிறது.

கைக்குழந்தை உள்ள வீடு எது என்று பார்த்து, அவர் வாசலில் நிற்கிறார். தம் குழந்தைக்கும் கொஞ்சம் தாய்ப்பால் கொடுக்கும்படி கெஞ்சிக் கேட்கிறார்.

அவர் திருடர் அல்ல. கொலைகாரரும் அல்ல. மத ஊழியம் செய்ய அமெரிக்காவில் இருந்து வந்த பாதிரியார். பெயர், அடோனிராம் ஜட்சன். பைபிளைப் பர்மிய மொழியில் மொழிபெயர்த்துப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.

குழந்தையின் தாய் எங்கே?

சிறைக் காவலன் வீட்டில், தானியம் கொட்டி வைக்கும் அறையில், பாய் மேல் கிடந்தார். கடுமையான நோய். எழுந்து நடக்க முடியாது. பால் வற்றிவிட்டது.

அந்தத் தாய்தான் ஆன் ஜட்சன் அம்மையார். ஜட்சன் பாதிரியார் சிறையில் சாகாமல் தப்பியதற்கு இந்த அம்மையாரே காரணம். அவருடைய கதை இது.

மறைக்காமல் கேட்ட மாப்பிள்ளை

ஆன், 1789-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிராட்போர்டு அவருடைய ஊர். தகப்பனார் ஜான் ஹேசல்டைன்.

ஆன் சிரிப்பும் விளையாட்டுமாக வளர்ந்த பெண். விருந்து, கூட்டம் என்றால் அவருக்கு ஆசை அதிகம். படிப்பிலும் கெட்டிக்காரி. படித்து முடித்ததும் பள்ளிக்கூட ஆசிரியை ஆனார்.

1810-ம் ஆண்டில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த இளைஞர்களில் ஒருவர் அடோனிராம் ஜட்சன். ஆனைவிட ஒரு வயது மூத்தவர். கீழ்த்திசை நாடுகளுக்குப் போய் மத ஊழியம் செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டு இருந்தவர். அவர் ஆனை விரும்பினார்.

பெண் கேட்டுத் தகப்பனாருக்கு ஜட்சன் ஒரு கடிதம் எழுதினார். மாப்பிள்ளைகள் வழக்கமாக எழுதும் கடிதம் அல்ல அது. மகளைப் பிரிந்து, இனிமேல் இந்த உலகத்தில் அவளைப் பார்க்காமலே இருக்க உங்களால் முடியுமா என்று கேட்டிருந்தார். கடல் ஆபத்து, காய்ச்சல், வறுமை, அவமானம் எல்லாம் வரலாம். ஒருவேளை சாவும் கொடுமையாக வரலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

எந்தத் தகப்பனுக்குத்தான் நெஞ்சு பதறாது? ஆனால் ஜான் ஹேசல்டைன் முடிவை மகளிடமே விட்டார். ஆன் சம்மதித்தார். அப்போது அமெரிக்காவில் இருந்து எந்தப் பெண்ணும் இந்த வேலைக்காகக் கடல் கடந்து போனது இல்லை.

1812-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி கல்யாணம். இரண்டு வாரத்தில் கப்பல் ஏறினார்கள்.

சென்னைப் பட்டினத்தில்

கல்கத்தாவில் இறங்கியவர்களுக்கு வரவேற்பு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் பாதிரிமார்கள் வருவதை விரும்பவில்லை. திரும்பிப் போகும்படி உத்தரவு போட்டார்கள். மொரீஷியஸ் தீவுக்குப் போனார்கள். அங்கே அவர்களை ஒரு துக்கச் செய்தி எதிர்கொண்டது. ஆனுடன் ஒரே கப்பலில் வந்த தோழி ஹாரியட் நூவெல், குழந்தையைப் பறிகொடுத்து, தானும் இறந்துபோயிருந்தார். அவருக்கு வயது 19.

1813-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைக்கு வந்தார்கள். சென்னையும் கம்பெனியார் ஊர்தான். பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உடனே புறப்படும் கப்பல் எது என்று விசாரித்தார்கள். ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அது ரங்கூன் போகிற கப்பல். அதனால்தான் அவர்கள் பர்மாவுக்குப் போனார்கள்!

ஆன் அப்போது கர்ப்பவதி. பிரசவத்துக்கு உதவியாக ஒரு ஐரோப்பியப் பெண்ணைச் சென்னையில் கூலிக்கு அமர்த்தி உடன் அழைத்துப் போனார்கள். கப்பல் புறப்பட்டதும் அந்தப் பெண் திடீர் என்று விழுந்து இறந்துபோனாள். புயலில் கப்பல் ஆடியது. வைத்தியர் கிடையாது. துணைக்கு ஒரு பெண்ணும் இல்லை. கணவர் மட்டுமே பக்கத்தில் இருந்தார். குழந்தை இறந்தே பிறந்தது.

முதல் குழந்தையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஜூலை 13-ந் தேதி ரங்கூனில் இறங்கினார்கள்.

மாமரத் தோப்பில் ஒரு சமாதி

பர்மா அப்போது தனி ராஜ்யம். ராஜாவின் தலைநகரம் அமரபுரா, பிறகு ஆவா. ரங்கூன் துறைமுகப் பட்டினம். (இப்போது அந்த நாட்டுக்கு மியான்மர் என்று பெயர், ரங்கூனுக்கு யாங்கோன்.)

கணவனும் மனைவியும் பர்மிய மொழி கற்கத் தொடங்கினார்கள். ஜட்சன் காலை முதல் இரவு வரை ஓலைச் சுவடிகளோடு உட்கார்ந்தார். ஆனுக்குச் சமையல் வேலை, கடை வேலை, வேலைக்காரர்களைப் பார்க்கிற வேலை. நாள் முழுவதும் பேசிப் பேசியே அவருக்குப் பேச்சு முதலில் வந்துவிட்டது. படிப்பில் கணவர் முந்தினார். பேச்சில் மனைவி முந்தினார்.

உடம்பு சரியில்லாமல் போனதால் 1815-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆன் மட்டும் தனியாகச் சென்னைக்கு வந்து வைத்தியம் செய்துகொண்டு திரும்பினார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. ரோஜர் என்று பெயர் வைத்தார்கள். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாத வீட்டில் ஒரு குழந்தை! அப்பா படிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு, அப்பா அம்மா முகம் தெரிந்தால் போதும் என்று மணிக்கணக்கில் விளையாடிக்கொண்டு இருப்பான்.

ஆனால் இரவானால் அவனுக்குக் காய்ச்சல் அடிக்கும், வியர்த்துக் கொட்டும். பகலில் சரியாகிவிடும். பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருந்தான். அதனால் பெற்றோர் பெரிதாக நினைக்கவில்லை. எட்டாவது மாதத்தில் இருமலும் கடுங்காய்ச்சலும் வந்தன. ரங்கூனில் டாக்டர் இல்லை. ஓரளவு மருந்து தெரிந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஒருவர் ஏதோ கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. 1816-ம் ஆண்டு மே 4-ந் தேதி ரோஜர் இறந்துபோனான். அன்று பகலே வீட்டுத் தோட்டத்தில் மாமரங்களுக்கு இடையே அடக்கம் செய்தார்கள்.

செய்தி கேட்டு, ரங்கூன் ராஜப் பிரதிநிதியின் மனைவி பெரிய பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். முன்பே சொல்லியிருந்தால் அடக்கத்துக்கு வந்திருப்பேனே என்று மார்பில் அடித்துக்கொண்டு வருந்தினார். சில நாட்கள் கழித்து ஆனை யானை மேல் ஏற்றி, தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஆறுதல் சொன்னார். மொழி வேறு, மதம் வேறு. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் துக்கம் மட்டும் அந்தப் பர்மியச் சீமாட்டிக்கு நன்றாகப் புரிந்தது.

ஊழியத்தைப் பற்றிச் சொல்வதானால், பர்மாவில் இறங்கி ஆறு ஆண்டுகள் வரை ஒருவர்கூட அவர்கள் மதத்தில் சேரவில்லை. 1819-ல்தான் மௌங் நௌ என்ற முதல் ஆள் சேர்ந்தார். ஆன் அம்மையார் ரங்கூனில் இருந்த சயாம்காரர்களிடம் அவர்கள் மொழியையும் கற்று, மத்தேயு எழுதிய சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். கல்லீரல் நோய் முற்றியதால் 1821-ல் அமெரிக்கா போனார். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். தாய்நாட்டிலேயே தங்கிவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் திரும்பி வந்தார்.

சிறு கயிறு

ஆவா நகரத்தில் ராஜா அவர்களுக்கு இடம் கொடுத்தார். அமெரிக்க டாக்டர் பிரைஸ் என்பவர் கண் வைத்தியத்தில் கெட்டிக்காரர். அவருக்காகத் திறந்த கதவு அது. ஜட்சன் தம்பதி 1824-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே குடியேறினார்கள்.

அதே ஆண்டு ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் சண்டை மூண்டது. மே மாதம் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஆவாவில் உள்ள வெள்ளைக்காரர் எல்லாம் வேவுகாரர் என்று ராஜசபையில் சந்தேகம் பிறந்தது. ஜட்சன் அமெரிக்கர். ஆங்கிலேயருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதை யார் கேட்பார்கள்?

ஜூன் 8-ந் தேதி. சாப்பிட உட்காரும் நேரம். அதிகாரி ஒருவர் சேவகர்களோடு உள்ளே நுழைந்தார். அவர்களில் ஒருவன் முகத்தில் பச்சை குத்தியிருந்தது. தண்டனை பெற்ற குற்றவாளிக்குப் போடும் அடையாளம் அது. அவன் ஜட்சனைத் தரையில் தள்ளி, முழங்கைகளைப் பின்னால் இழுத்துச் சிறு கயிற்றால் இறுக்கிக் கட்டினான். கயிறு சதையில் பதிந்தது. கட்டைத் தளர்த்தும்படி ஆன் அம்மையார் பணத்தை நீட்டிக் கெஞ்சினார். பணத்தை வாங்கிக்கொண்டார்கள். கட்டைத் தளர்த்தவில்லை.

அம்மையார் அப்போது மீண்டும் கர்ப்பவதி.

ஜட்சனைக் கொண்டுபோன இடம் சாவுச் சிறை. அதற்குப் பர்மியப் பெயர், கை கூசாது என்று பொருள்படும். ஒரே அறையில் நூறு பேருக்கு மேல். காற்று வர ஜன்னல் இல்லை. கால்களில் மூன்று ஜோடி விலங்கு. இரவானால் கைதிகளின் கால்களுக்கு நடுவே ஒரு மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் கிடக்கும். விடியும் வரை அப்படியே!

நாள்தோறும் நடை

அந்தச் சிறையில் கைதிகளுக்குச் சோறு கிடையாது. வீட்டில் இருந்து யாராவது கொண்டுவந்தால் சாப்பிடலாம். இல்லாவிட்டால் பட்டினிதான்.

ஆன் அம்மையார் சோறு கொண்டுபோனார். வீட்டில் இருந்து சிறை இரண்டு மைல். போகும்போது ஒரு அதிகாரி வீட்டு வாசல், வரும்போது இன்னொரு அதிகாரி வீட்டு வாசல். ராஜ குடும்பத்துப் பெண்களின் வீடுகளுக்கும் போனார். ஏழு மாதத்தில் அவர் கெஞ்சப் போகாத நாள் அபூர்வம். பர்மியப் பெண்கள் உடுத்துவது போலவே உடுத்திக்கொண்டார். இருந்த நகை, சாமான், வெள்ளி எல்லாம் லஞ்சமாகக் கரைந்தன. லஞ்சம் கொடுத்தால் கணவரைச் சில நாள் திறந்த வெளியில் படுக்க விடுவார்கள். அடுத்த நாள் வேறு ஒருவன் வருவான். அவனுக்கும் கொடுக்க வேண்டும்.

பேசத் தடை விதித்த காலத்தில், கூஜாவின் நீண்ட மூக்குக்குள் கடிதத்தைச் சுருட்டி வைத்து அனுப்பினார்.

இன்னொரு கவலையும் இருந்தது. ஜட்சன் பத்து ஆண்டு பாடுபட்டு எழுதிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி வீட்டில் இருந்தது. அதை அம்மையார் மண்ணில் புதைத்தார். மழைக்காலம் வந்தது, புதைத்தால் செல்லரித்துவிடும். தோண்டி எடுத்து, தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை! அதைத்தான் ஜட்சன் சிறையில் தலைக்கு வைத்துப் படுத்தார்.

1825-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. மரியா என்று பெயர். வீட்டில் பர்மியச் சிறுமிகளும் வங்காளி சமையல்காரரும்தான் துணை. இருபது நாள் அம்மையாரால் சிறைக்குப் போக முடியவில்லை. பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். கால் விலங்கோடு தத்தித் தத்தி வாசலுக்கு வந்து, ஜட்சன் தம் மகளை முதல் முறையாகப் பார்த்தார்.

கோடை வந்தது. விலங்கு மூன்று ஜோடியில் இருந்து ஐந்து ஜோடி ஆயிற்று. ஜட்சன் காய்ச்சலில் விழுந்தார். வடக்கு வாசல் அதிகாரி வயதானவர். அம்மையார் மீது இரக்கம் உள்ளவர். அவரை விடாமல் வேண்டி, காற்றோட்டமான மூங்கில் குடிசை ஒன்று போட அனுமதி வாங்கினார் அம்மையார். குடிசையில் கணவரைப் படுக்க வைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. மே 2-ந் தேதி அந்த அதிகாரி அம்மையாரைக் கூப்பிட்டு அனுப்பினார். தம் கடிகாரத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பார்த்தால் சிறை காலி! கைதிகளைக் கொண்டுபோவதை அம்மையார் பார்க்க வேண்டாம் என்றுதான் அவர் அப்படிச் செய்தார். உங்கள் கணவருக்கு இனி எதுவும் செய்ய முடியாது, உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

தானிய அறை

அம்மையார் கேட்கவில்லை. மூன்று மாதக் கைக்குழந்தை, வளர்ப்புப் பிள்ளைகளாக இருந்த இரண்டு பர்மியச் சிறுமிகள், வங்காளி சமையல்காரர் எல்லோருமாகப் படகில் அமரபுரா போனார்கள். அங்கும் கைதிகள் இல்லை. மாட்டு வண்டியில், புழுதியில், வெயிலில் ஔங்பின்லே என்ற கிராமத்துக்குப் போனார்கள்.

கைதிகளை அங்கே செருப்பு இல்லாமல் நடத்திக் கொண்டுபோயிருந்தார்கள். சுடுமணலில் ஜட்சனின் பாதங்கள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டன. ஒரு கைதி வழியிலேயே விழுந்து, பிறகு இறந்துபோனார். இன்னொரு கைதியின் வங்காளி வேலைக்காரர் ஒருவர் தம் தலைப்பாகையைக் கிழித்துப் பாதியைத் தம் எஜமானருக்கும் பாதியை ஜட்சனுக்கும் காலில் சுற்றிக்கொள்ளக் கொடுத்தார். தோளும் கொடுத்தார். இல்லாவிட்டால் ஜட்சனும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

கூரையே சரியில்லாத பாழடைந்த கட்டிடம்தான் சிறை. மனைவியைப் பார்த்ததும் ஜட்சனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த இடத்தில் உன்னால் உயிர்வாழ முடியாதே, ஏன் வந்தாய் என்றுதான் கேட்டார்.

தங்க வீடு இல்லை. காவலன் ஒருவன் தன் வீட்டு அறை ஒன்றைக் கொடுத்தான். பாதி அறையில் தானியம். மீதியில் பாய் விரித்தார்கள். நாற்காலி இல்லை, மேஜை இல்லை. அந்த அறையில்தான் அடுத்த ஆறு மாதம் குடும்பம் நடந்தது.

அம்மை

மறுநாள் காலையிலேயே சிறுமிகளில் ஒருத்திக்கு அம்மை கண்டது. வைசூரி! இப்போது உலகத்தில் இருந்தே ஒழிந்துபோன நோய். 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. அந்தக் காலத்தில் அது வந்த வீட்டில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று சொல்ல முடியாது.

ஒரே அறை. குழந்தையை எங்கே தள்ளி வைப்பது? அம்மைப் பாலை எடுத்துத் தோலில் குத்திவிட்டால் நோய் லேசாக வந்து போய்விடும் என்று அம்மையாருக்குத் தெரியும். சாதாரணத் தையல் ஊசியால் மற்றச் சிறுமிக்கும் காவலன் பிள்ளைகளுக்கும் குத்தினார். எல்லோருக்கும் நன்றாகப் பலித்தது. அந்தப் பிள்ளைகள் விளையாட்டைக்கூட நிறுத்தவில்லை. செய்தி பரவி, கிராமத்துத் தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மரியாவுக்கும் குத்தினார். அவளுக்கு மட்டும் பலிக்கவில்லை. மூன்றரை மாதக் குழந்தைக்கு உண்மையான வைசூரியே வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் கை ராசியாக இருந்த ஊசி, பெற்ற பிள்ளைக்கு உதவவில்லை. குழந்தை தேறி எழ மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே அம்மையார் சிறைக்கும் அறைக்குமாக நடந்தார். ஜட்சனுக்கோ காய்ச்சல். கால் புண்ணால் நகர முடியாது. இரண்டு நோயாளிகளுக்கும் நடுவே ஒரே ஒரு பெண். அவரையும் அம்மை லேசாகத் தொட்டது. பின்னாலேயே வயிற்றுக் கடுப்பு வந்தது.

மருந்துப் பெட்டி ஆவாவில் இருந்தது. அதை எடுத்துவர அம்மையார் தனியாகப் போனார். போன இடத்தில் நோய் முற்றியது. அபினிச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து, உயிரைப் பிடித்துக்கொண்டு, மழைச் சேற்றில் மாட்டு வண்டியில் திரும்பினார். வாசலுக்கு வந்த சமையல்காரர் அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அவ்வளவு உருக்குலைந்துபோயிருந்தார். தட்டுத் தடுமாறிப் பாயில் விழுந்தவர் இரண்டு மாதம் எழவில்லை.

இந்தச் சமையல்காரரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அவர் வங்காளத்து இந்து. தம் சாதிக்கு அடாத வேலை என்று முன்பெல்லாம் சிலவற்றைத் தொட மாட்டார். அந்த நாட்களில் அதை எல்லாம் மறந்துவிட்டார். விறகு சுமந்தார். தண்ணீர் சுமந்தார். சமைத்துச் சிறைக்கு எடுத்துப் போனார். அந்த வேலைகள் முடியும் வரை தாம் ஒரு கவளம் சாப்பிடாமலும் இருந்தார். சம்பளம் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்காது என்று அம்மையாரே பிற்பாடு எழுதி வைத்தார்.

தாய்க்குப் பால் வற்றியதும் குழந்தையின் கதி என்ன? கிராமத்தில் பாலூட்டும் செவிலி கிடைக்கவில்லை. பசும்பாலும் கிடைக்கவில்லை. இரவெல்லாம் குழந்தை அலறும். தாய் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

காவலர்களுக்கு மீண்டும் லஞ்சம் கொடுத்தார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஜட்சனை வெளியே விட்டார்கள். அப்போதுதான் அவர் விலங்குக் காலோடு, மகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு வீட்டில் ஒரு வாய், இன்னொரு வீட்டில் இரண்டு வாய். பர்மா வீரர்கள் வெள்ளைக்காரரோடு போரிட்டு மடிந்துகொண்டு இருந்த காலம் அது. ஆனாலும் பர்மியத் தாய்மார்கள் அந்த வெள்ளைக் குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தார்கள். மரியா பிழைத்தாள்.

இதற்குள் பெரிய ஆபத்து ஒன்று வந்து தாண்டிப் போனது. புதிய சேனாதிபதி ஒருவர் இந்தக் கைதிகளைப் பலி கொடுக்கவே ஔங்பின்லேக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அவர்மீதே ராஜத் துரோகக் குற்றம் விழுந்து, அவருடைய உயிர்தான் போயிற்று.

நிலா வெளிச்சத்தில்

1825 நவம்பரில் ஜட்சனுக்கு விடுதலை வந்தது. பர்மா சர்க்காருக்கு ஆங்கிலேயரோடு சமாதானம் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்! மனைவியோடு இருக்க விடாமல் போர் முனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆவாவுக்குத் திரும்பிய அம்மையார் மீண்டும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் தொடங்கிய அன்றே ஒரு பர்மியப் பெண், குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று தானாக வந்து சேர்ந்தாள். மாதக் கணக்கில் தேடியும் கிடைக்காத ஆள்! அதன் பிறகு அம்மையாருக்கு நினைவு தப்பிவிட்டது. தலைமுடியை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.

டிசம்பர் கடைசியில் ஜட்சன் வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்புப் பக்கத்தில் ஒரு பர்மியப் பெண், அழுக்கேறிய குழந்தை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். தம் குழந்தை என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே, தலையில் துணி சுற்றிய ஒரு உருவம் படுத்திருந்தது. அதுதான் ஆன்.

1826-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி யாண்டபோ என்ற இடத்தில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த மாதமே அவர்கள் படகில் ஐராவதி நதியில் இறங்கி, ஆங்கிலேயர் முகாமை அடைந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து நண்பர்கள் கூடி, வாழ்க்கையில் மிகப் பெரிய சந்தோஷம் எது என்று பேசிக்கொண்டு இருந்தபோது, ஜட்சன் இந்தப் பயணத்தைத்தான் சொன்னார். குளிர்ந்த நிலா இரவு, பக்கத்தில் மனைவி, கையில் குழந்தை, காலில் விலங்கு இல்லை.

முகாமில் தளபதி கேம்பல் விருந்து கொடுத்தார். அம்மையாரைத் தம் வலது பக்கத்தில் உட்கார வைத்தார். எதிரே இருந்த பர்மிய அதிகாரி ஒருவர் நடுங்கினார். கெஞ்சப் போன நாளில் அம்மையாரை வெயிலில் நிற்க வைத்து அவமானப்படுத்தியவர் அவர். பயப்பட வேண்டாம் என்று அம்மையாரே அவருக்குப் பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார்.

கறுப்பு முத்திரை

ஆங்கிலேயர் பிடித்த பகுதியில் ஆம்ஹர்ஸ்ட் என்ற புதிய ஊர் உண்டாயிற்று. 1826 ஜூலையில் குடும்பம் அங்கே போனது. சில நாட்களிலேயே ஜட்சனை ஆங்கிலேயத் தூது கோஷ்டியார் ஆவாவுக்கு அழைத்தார்கள். அவருக்கு மனம் இல்லை. ஆனால் பர்மாவில் மதச் சுதந்திரம் கொடுக்கும்படி உடன்படிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். கணவனும் மனைவியும் யோசித்துச் சம்மதித்தார்கள். அந்த வரி கடைசிவரை சேரவில்லை.

அம்மையார் மூங்கில் வீடு கட்டினார். சிறு பள்ளிக்கூடங்கள் கட்டினார். அக்டோபரில் காய்ச்சல் வந்தது. பல முறை நோயில் தேய்ந்த உடம்பு இந்த முறை தாங்கவில்லை. மரியாவும் நோயாகத்தான் இருந்தாள். அம்மையார் தாதியைக் கூப்பிட்டு, அப்பா வரும் வரை குழந்தை எது கேட்டாலும் கொடு, கடிந்து பேசாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் வாயில் வந்த பேச்சு பர்மிய மொழியாகவே இருந்தது. அக்டோபர் 24-ந் தேதி இறந்துபோனார். வயது 36.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே ஜட்சனுக்குக் கடிதம் போயிருந்தது. ஆவாவில் ஒரு நாள், கறுப்பு முத்திரை வைத்த கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர், குழந்தை இறந்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். ஜட்சன் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு தனியே போய்ப் பிரித்துப் பார்த்தார். இறந்தது குழந்தை அல்ல.

1827 ஜனவரியில் அவர் திரும்பி வந்தார். ஒரு பாதிரியாரின் மனைவி மரியாவை வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். தகப்பனைக் கண்டதும் குழந்தை பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடையாளம் தெரியவில்லை. பிறகு பழகிக்கொண்டது. மூன்று மாதம் அவரோடு இருந்தது. ஏப்ரல் 24-ந் தேதி மரியா இறந்தாள். இரண்டு வயது மூன்று மாதம். தாயின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஜட்சன் மனம் உடைந்து, கொஞ்ச காலம் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். பிறகு வேலைக்குத் திரும்பினார்.

அந்தத் தலையணை? கைதிகளை ஔங்பின்லேக்குக் கொண்டுபோன நாளில் காவலர்கள் மேலுறையை உருவிக்கொண்டு, உள்ளே இருந்த பஞ்சு மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். மௌங் இங் என்ற பர்மியச் சீடர் அதைப் பார்த்தார். எஜமானரின் ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார். பல மாதம் கழித்துப் பிரித்தபோது, உள்ளே காகிதங்கள் பழுதில்லாமல் இருந்தன. ஜட்சன் 1834-ல் பைபிள் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தார். திருத்திய பதிப்பு 1840-ல் வந்தது. பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

சிறைக் காலத்தில் நடந்ததை எல்லாம் ஆன் அம்மையார் இறக்கும் ஆண்டில் கணவரின் தம்பிக்கு நீண்ட கடிதமாக எழுதியிருந்தார். 1829-ல் அவருடைய வாழ்க்கை வரலாறு அமெரிக்காவில் புத்தகமாக வந்தது. பதிப்பு மேல் பதிப்பாக விற்றது.

ஜட்சன் பிறகு இரண்டு முறை மணம் செய்துகொண்டார். 1850-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, உடல்நலத்துக்காகக் கடல் பிரயாணம் போனபோது வங்காள விரிகுடாவில் கப்பலில் இறந்தார். அவர் உடலைக் கடலில் இறக்கினார்கள். முதல் குழந்தையைப் பறிகொடுத்ததும் ரங்கூனுக்குப் போன கடல் வழியில்தான்.